டப்பாக்கா கொடுத்த பிஸ்கட்

பிஸ்கட் தொழிற்சாலையில் எல்லாரும் அவளை டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகத் தகர டப்பாக்களில் பிஸ்கட் அடுக்குகிற வேலை. ஓடுகிற பெல்ட்டிலிருந்து ஒரே பிடியில் பன்னிரண்டை அள்ளுவாள். ஒன்று கூடாது, குறையாது. ஆள் மட்டும் ஈர்க்குச்சி.

"பிஸ்கட் கம்பெனில இருந்துக்கிட்டு இப்படி காஞ்சு போயிருக்கியே, வாசனைய மட்டும்தான் சாப்பிடுறியா?" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வார். அவளும் சிரித்துவிட்டு, மூச்சு வாங்க அடுத்த டப்பாவைத் தூக்குவாள். ரத்தம் கம்மி என்று வருடக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் ஏறவே இல்லை.

ஒரே மகள். அதற்குப் பிறகு மூன்று முறை கரு கலைந்தது. "உடம்ப பாத்துக்கத் தெரியல அவளுக்கு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மாமியார் சொன்னாள். எலக்ட்ரீஷியன் கணவன் வாயே திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மகளுக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்தது, இன்சுலின் போட்டே தீர வேண்டிய வகை. டப்பாக்கா ஊசி போடக் கற்றுக்கொண்டாள். சர்க்கரை இறங்கிப் பிள்ளை நடுங்கினால் முதலில் குளுக்கோஸ், பிறகு இரண்டு பிஸ்கட். பிஸ்கட்டுக்கா பஞ்சம்? உடைந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்கள்.

ஆனால் பிள்ளை வளரவில்லை. ஒன்பது வயதில் ஏழு வயதுச் சட்டை தொளதொளத்தது. வயிறாரச் சாப்பிட்டும் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஒரு நாள் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்தாள். முன்பல் உடைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். பிறகு டப்பாக்காவை உட்கார வைத்தார்.

"கோதுமைல, மைதால, பிஸ்கட்லகூட க்ளூட்டன்னு ஒரு புரதம் இருக்கும்மா. பாப்பா அத சாப்பிட்டா, உடம்போட எதிர்ப்பு சக்தி அவ குடலையே தாக்குது. சீலியாக்னு பேரு. குடல் தேஞ்சு போனதால சாப்பிடுறது உடம்புல ஒட்டல. ஊசி மட்டும் வேலை செய்யுது, அதான் சர்க்கரை எறங்கிடுது."

"சர்க்கரை வியாதியும் இதாலதான் வந்துச்சா?"

"அப்படி சொல்ல முடியாது. ஆனா அதுவும் உடம்பு தன்னையே தாக்குற வியாதிதான். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வர வாய்ப்பு அதிகம். குடும்பத்துலயும் வரும். நீங்களும் டெஸ்ட் எடுத்துடுங்க."

டப்பாக்கா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ நடுங்குறப்பல்லாம் நான்தான் பிஸ்கட் குடுத்தேன் டாக்டர். இந்தக் கையால."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

டெஸ்ட் எடுத்ததில் டப்பாக்காவுக்கும் அதே நோய். கூடவே தைராய்டும் கெட்டிருந்தது. கலைந்த மூன்றும் இதனாலா என்று கேட்டாள். "இருக்கலாம். உறுதியா சொல்ல முடியல" என்றார் டாக்டரம்மா. அந்தப் பதிலை மாமியாரிடம் சொல்ல வழியில்லை. அவள் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

கணவனிடம் சொன்னாள். பழைய மிக்ஸியைப் பிரித்து வைத்திருந்தவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அம்மா பேசினப்போ நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

மாவு பறக்கும் இடமே வேண்டாமென்று அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டிலிருந்த கோதுமையைக் கணவனே வெளியேற்றினான். மகள் ஒரே வருடத்தில் நான்கு விரற்கடை வளர்ந்தாள். ஊசி என்னவோ ஆயுளுக்கும்தான். டப்பாக்காவுக்கும் ரத்தம் ஏறியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நாற்பது வயதில் முதன்முறையாக உடம்பு உடம்பாக இருந்தது. அந்த வருடமே மாதவிலக்கு ஒரேயடியாக நின்றுபோனது, இனி இன்னொரு பிள்ளைக்கு வழியில்லை.

இப்போது மகளுக்குப் பன்னிரண்டு. "நீ வெளியவே இரும்மா, நானே பேசிக்கறேன்" என்று டாக்டர் அறைக்குத் தனியாகப் போகிறாள். டப்பாக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கர்ப்பிணிகள் வந்து உட்கார்ந்தால், நகர்ந்து இடம் விடுகிறாள்.