நாலு எல்லையும் பார்த்தேன்

எழுபதுகளின் கடைசி. அப்போது நான் சின்னமனூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கையெழுத்து நன்றாக இருந்ததால் இந்தத் தொழில் அமைந்தது. பயம் மட்டும் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளையும் நான்கு தடவை படிக்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

எனக்கு ஒரே தங்கை. அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது நான்தான். பி.ஏ. முடித்தவள், வக்கீலுக்குப் படிக்கிறேன் என்றாள். சந்தோஷம்தான். ஆனால் அதற்கு மதுரையில் விடுதியில் தங்க வேண்டும் என்றாள். தனியாக விட்டு என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ என்று நானே ஆயிரம் யோசித்து அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கைக்கு ஒரு விளம்பரக் காகிதம் கிடைத்தது. குமுளி தாண்டி, கேரளப் பக்கம் ஒரு ஊரில் தனியார் சட்டக் கல்லூரி. மாதம் இரண்டு நாள் போனால் போதும், மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே படிக்கலாம்.

"அண்ணே, இது சரியா இருக்கான்னு பாருங்க. நீங்க பாத்தா எனக்குப் போதும்" என்றாள்.

பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை, பஸ் ஏறி மலைக்கு அந்தப் பக்கமே போய்ப் பார்த்தேன். அலுவலகத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "சேட்டா, ஒன்னும் பேடிக்கண்டா" என்று எனக்குத் தைரியம் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் கழற்றிக் கையிலேயே கொடுத்தார். பதிவு எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் அசல். என் தொழிலில் பதிவு என்ற சொல்லுக்கு மேலே ஒரு சொல் கிடையாது. பதிவாகிவிட்டால் முடிந்தது. நிம்மதியாக ஊர் திரும்பி, "ரிஜிஸ்தர் ஆன காலேஜுதான் ஆத்தா, சேந்துக்க" என்றேன்.

மூன்று வருடம். மாதாமாதம் நானும் துணைக்குப் போனேன். மலைப்பாதையில் பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயந்தேன். மழை பெய்தால் பயம், பஸ் தாமதமானால் பயம். கல்லூரியைப் பற்றி மட்டும் ஒருநாளும் பயப்படவில்லை. தேவதானப்பட்டியில் அவளுக்கு ஒரு நல்ல வரன் அமைந்திருந்தது. படிப்பு முடியட்டும் என்று அவர்களும் காத்திருந்தார்கள்.

பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிந்துகொள்ள இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா வயதானவர். விண்ணப்பத்தைப் பார்த்தார். ஒரு தடித்த பட்டியலை எடுத்து ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்கினார். மறுபடியும் மேலிருந்து இறங்கினார். அந்தக் கல்லூரி அதில் இல்லை.

"ரிஜிஸ்தர் ஆன காலேஜுங்க. நானே சர்ட்டிபிகேட்ட கையில வாங்கிப் பாத்தேன்" என்றேன்.

"ஐயா, பதிவானது காலேஜை நடத்துற சங்கம். நாலு பேர் சேர்ந்தா சீட்டாட்ட மன்றத்தைக்கூடச் சங்கமாப் பதிவு பண்ணலாம். வக்கீலாகணும்னா படிச்ச காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கணும். சேர்றதுக்கு முந்தி எங்களுக்கு ஒரு கார்டு போட்டிருந்தா சொல்லியிருப்போமே. யாருங்க விசாரிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "நாந்தாங்க சரியா விசாரிக்கல."

ஊருக்குத் திரும்ப பஸ் ஏறினோம். திண்டுக்கல் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாலு எல்லையும் பாத்தீக. உள்ள நெலம் இருக்கான்னு பாக்கலையேண்ணே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து மூன்று வருடம் படிக்க வேண்டும். அதைக் கேட்டதும் தேவதானப்பட்டிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "இன்னும் மூணு வருசம்னா எங்களால முடியாதுன்னு சொல்லிட்டாக" என்று நான் வந்து சொன்னபோது தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, "மதுரைக் காலேஜுக்கு மனு போடணும்ணே, ஃபாரம் வாங்கியாங்க" என்றாள்.

இந்தத் தடவை நான் முதலில் பார் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி, இந்தக் கல்லூரி உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். "கவர்மெண்டு காலேஜுக்கே கடுதாசியா? ஒங்களத் திருத்த முடியாது" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதைப் பத்திரக்கட்டுக்குள் வைத்து, அவள் படித்து முடிக்கும்வரை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். எந்த விடுதிக்குப் பயந்து அவளை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினேனோ, அந்த விடுதியில்தான் தங்கிப் படித்தாள். நான் பயந்தது ஒன்றுமே நடக்கவில்லை.

அவள் பதிவு செய்துகொண்ட அன்றும் நான்தான் கூடப் போனேன். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்பு அங்கி, கணுக்கால் வரை தொங்கியது. வெளியே வந்தவள் சான்றிதழை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, ஒருக்கா பாத்துருங்க."

"என்னையவா பாக்கச் சொல்ற?"

"பின்ன யாரு பாப்பாக?"

படிக்கத்தான் முயன்றேன். இரண்டு வரிக்கு மேல் எழுத்து தெரியவில்லை. சரியாக இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

தங்கை உத்தமபாளையம் கோர்ட்டில் வெகுகாலம் தொழில் செய்தாள். கல்யாணம் மட்டும் அமையவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. யாராவது ஒரு காகிதத்தை நீட்டிச் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் இன்றைக்கும் நாலு தடவை படித்த பிறகும் பதில் சொல்லப் பயப்படுகிறேன். ஆனால் அந்தப் பயத்தைவிட, அன்று சென்னையில் என்னை முந்திக்கொண்டு அவள் சொன்ன அந்த "நாந்தாங்க" என்ற ஒரு சொல்தான் என்னை இன்னும் தூங்கவிடுவதில்லை.