சர்வேக்காரியின் நிஜப் புகார்

எங்கள் ஆய்வு வேலை இதுதான். சாதாரணப் பெண்களைப் போல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கற்பனையாக ஒரு புகார் சொல்வோம். எப்படி நடத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்வோம். இப்படி யாராவது வரக்கூடும் என்று ஸ்டேஷன்களுக்குத் தெரியும். யார் என்றுதான் தெரியாது.

இன்று நான் போனது நிஜப் புகாரோடு. டாக்குரியா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் ஒருவன் தினமும் லேக் பக்கம் இருக்கும் என் வீடு வரை பின்னாலேயே வருகிறான்.

எஸ்.ஐ. எழுந்து நின்று, அக்கா முறை வைத்தே வரவேற்றார்.

"உட்காருங்க தீதி."

மண்குவளையில் டீ வந்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மட்டும் தொடவில்லை.

"எழுதிக்கலையா சார்?"

"நீங்க சர்வேக்குத்தானே வந்திருக்கீங்க? அப்பா, அண்ணன்னு யாரும் இல்லாம எந்தப் பொண்ணு தீதி தனியா இங்க வருவா?"

"இல்ல சார், இது நிஜம்."

சிரித்தார்.

"போன வாரம் வந்த பொண்ணும் இதையேதான் சொன்னா. அவளுக்கும் டீ குடுத்து அனுப்பினோம்."

அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நாங்கள் இதுவரை ஆய்வுக்கு யாரையும் அனுப்பியதே இல்லை.

நாற்காலிக்கும் டீக்கும் முழு மார்க் போட்டுவிடலாம். நாளை சாயங்காலம் டாக்குரியாவில் இறங்கி லேக் பக்கம் நடக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.