பெருச்சாளிக்கு ரிலீவர் வரவில்லை

வெளிநாட்டுப் படக்கதைகளில் ஏதாவது கதிர் பட்டால் போதும், மிருகங்கள் குங்ஃபூ வீரர்களாகிவிடும். அந்தக் கூத்தைக் கிண்டலடிக்கத்தான் நான் படக்கதை வரைய ஆரம்பித்தேன். காடாம்புலியூர் லாரியிலிருந்து உருண்டு விழுந்த பலாப்பழத்தைத் தின்று, எங்கள் டவுன்ஷிப் சாக்கடையோரம் திரிந்த கீரி, உடும்பு, ஆந்தை, பெருச்சாளி நான்கும் ஆளுயரம் வளர்ந்து சிலம்பம் சுற்றும். முதல் மூன்றும் பெர்மனென்ட். பெருச்சாளி மட்டும் கான்ட்ராக்ட். அடி வாங்குவதெல்லாம் அதுதான்.

அப்பா இருபது வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிதறும் கரியை அள்ளிப் போடுகிற வேலை. அவருடைய கழுத்துத் துண்டையும், சாப்பாட்டுப் பையை சைக்கிளில் மாட்டும் விதத்தையும் பெருச்சாளிக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தேன். அவரைக் கேட்டெல்லாம் கொடுக்கவில்லை.

மூன்றாம் இதழில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஷிப்ட் முடிகிறது. பெருச்சாளி கம்பைக் கீழே போட்டுவிட்டு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறது. பிரதி எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையிலேயே இரண்டு பேர் நின்று படித்துச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு பிரதியை வீட்டில் மறந்து வைத்ததுதான் தப்பு. அப்பா படித்துவிட்டார். இரண்டு நாள் என்னிடம் பேச்சே இல்லை. அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார். “அந்தப் பெருச்சாளி நான்தான?”

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் தொடர்ந்தார்.

“துண்டெல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. ஆனா ரிலீவர் வராம அவன் எப்படிம்மா வூட்டுக்குப் போவான்? அடுத்த ஷிப்ட் ஆளு வந்து நின்னாதான் நாம எடத்த வுட்டு நகரணும். ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன்.” கொஞ்சம் தயங்கினார். “ஸ்கூல்ல நீ ட்ராயிங்குக்குப் பரிசு வாங்கினியே, அன்னிக்கும் இதான். வழியவே பாத்துக்கினு நின்னேன். ரிலீவர் வரல.”

அன்று மேடையிலிருந்து நானும் வாசலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறந்துபோய்விட்டார் என்று முடிவு கட்டி, இத்தனை வருடமும் மனதுக்குள் முறைத்துக்கொண்டே இருந்தேன். ஏன் வரவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பெருச்சாளியை வேலையைப் போட்டுவிட்டு ஓடவைத்தது கிண்டலுக்காக மட்டும் இல்லை. அன்று அவர் அப்படி ஓடி வந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான்காம் இதழை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரைந்தேன். பெருச்சாளி கம்பைப் பிடித்தபடி நிற்கிறது. ரிலீவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளை மிதிக்கிறது.

மறுநாள் காலை அப்பா சாப்பாட்டுப் பையில் இரண்டு பிரதிகளை வைத்தார்.

“ரெண்டு எதுக்குப்பா?”

“ஒண்ணு ரிலீவருக்கு. அன்னிக்கு அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம், அதான் வர முடியல. உன் பேச்ச எடுத்தாலே இன்னும் சங்கடப்பட்டுக்கினு இருக்கான். பாப்பாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லிடறேன். சொல்லலாம்தான?”

“சொல்லுங்கப்பா” என்றேன்.