இராமையா நின்ற பக்கம்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்பதும் இல்லை. 1974ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அந்த லயத்தில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பாவம், அவர்களாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

பேயைக் கண்டால் பயம் வரும் என்பார்கள். எனக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. வயிறு எரிகிற பொறாமை. அது மட்டும் வராமல் இருந்திருந்தால், இதை உங்களுக்குச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

பதுளையில் புஹாரி நானா என்று ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு மெஷின் வாள் இருந்தது. பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள். சுற்றியுள்ள தோட்டங்களில் பெரிய மரம் சாய்க்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதை ஓடவிட்டால் கிர்ர்ர்... என்று காது அடைத்துவிடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அதனால் அவருக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். கையில் நீளமான கொய்யாக் கம்பு. மரம் எந்தப் பக்கம் அசைகிறது, மேலே எந்தக் கிளை முறிந்து தொங்குகிறது என்று பார்ப்பதுதான் அவன் வேலை. ஆபத்தென்றால் கம்பு நுனியால் நானாவின் தோளில் ஒரு தட்டு. வாளை நிறுத்திவிடுவார். இரண்டு தட்டு என்றால், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

அந்தக் கம்பு பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. தலைகால் புரியவில்லை. அதுவரை விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போய் நின்று கங்காணியின் ஏச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது ஒரு மனிதனின் உயிர் என் கம்பு நுனியில். சும்மாவா?

ஆனால் எனக்கு முன்னால் அந்த இடத்தில் இராமையா இருந்தான். எங்கள் தோட்டத்துக்காரன்தான். ஆறு வருடம் நானாவுக்குக் கம்பு பிடித்தவன். அரசாங்க ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலில் அவன் குடும்பமும் வந்துவிட்டது. போக அவனுக்கு மனமே இல்லை. பதுளை ஸ்டேஷனில் அவனும் நானாவும் கட்டிப்பிடித்து அழுததை ஊரே பார்த்தது.

ஆள் ரயிலேறிப் போய்விட்டான். நானாவின் வாயிலிருந்து அவன் பேச்சு போகவில்லை.

"இராமையா ஈந்தா இப்பிடி நிக்க மாட்டான்."

"இராமையா ஈந்தா சத்தத்த வெச்சே செல்லிருவான், சங்கிலி மழுங்கிட்டு எண்டு."

எதற்கெடுத்தாலும் இராமையா. நான் என்ன குறை வைத்தேன்? சங்கிலியின் ஒவ்வொரு பல்லுக்கும் அரம் போட்டேன். எல்லாப் பல்லும் ஒரே உயரம். சூடான மெஷினில் பெட்ரோல் ஊற்றினால் நானாவுக்குக் கெட்ட கோபம் வரும், அதனால் ஆறும்வரை தொட மாட்டேன். வாளின் மூக்கு மரத்தில் முட்டினால் அது முகத்துக்கு எகிறும் என்று சொல்லியிருந்தார், அந்த மூக்கைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். ஒரு நாளாவது "நல்லா நிண்டாய் தம்பி" என்று சொன்னாரா? இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்தின. தேத்தண்ணி நேரத்தில் நானா போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றி, தன் வலப்பக்கம் ஒரு கட்டையில் வைப்பார். யாரும் குடிக்க மாட்டார்கள். ஆறிப் போனதும் கொட்டிவிடுவார். அப்புறம் ஓடுபாதை. மரத்தைத் தொடுவதற்கு முன்னால், பின்பக்கமாகச் சாய்வாக இரண்டு வழி வெட்டித் துப்புரவு செய்ய வேண்டும். மரம் மாறி விழுந்தால் தப்பி ஓட. இடப்பக்கத்து வழி எனக்கு. வலப்பக்கத்து வழி நானாவுக்கு. அவருடைய வழியை மட்டும் இரண்டு பேர் ஓடுகிற அகலத்துக்கு வெட்டுவார்.

"ஒரு ஆளு ஓட எதுக்கு நானா இம்புட்டு அகலம்?"

"பழக்கம்."

என் மனைவி பெரியாயிக்கு இதெல்லாம் வேடிக்கை. "என்னாங்க, நீங்க நானாவுக்கு வேலையாளா, ரெண்டாந்தாரமா? மூத்தவ பேச்ச எடுத்தாலே மூஞ்சி இப்பிடிச் சுருங்குது!"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு விடாமல் பெய்த மழை பகலில்தான் கொஞ்சம் விட்டது. மேட்டு லயத்துக்கு மேலே நின்ற பழைய சவுக்கு மரம் வேர் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு காற்றடித்தால் லயக் கூரையில் விழும். லயத்துச் சனங்களைப் பிள்ளைகுட்டிகளோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, தோட்டத்து மேலாளரான தொரை, நானாவைக் கூட்டிவர ஆள் விட்டார். ஐந்து மணிக்கு மேல் நானா வாளைத் தொட மாட்டார். வெளிச்சம் பத்தாது என்பார். அன்று தொட்டார். மரம் விழுந்தால் இருபது குடும்பம் தெருவில்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஐந்தேகால். மூடுபனி இறங்கியிருந்தது. ஓடுபாதை இரண்டையும் வெட்டினோம். ஓடைப்பக்கம் மரத்தைச் சாய்ப்பதென்று முடிவு. நான் நானாவுக்குப் பின்னால் இடப்பக்கம் நின்றேன். கயிற்றை இழுத்தார்.

கிர்ர்ர்...

மரம் சாய வேண்டிய ஓடைப்பக்கத்தில், வாய் திறந்த மாதிரி ஒரு பள்ளம் வெட்டினார். அதற்கு வாய் என்றே பெயர். பாதி வெட்டியிருப்பார். சட்டென்று வாளை நிறுத்தினார்.

"ஏன் நானா நிப்பாட்டினீங்க?"

"நீ தட்டல்லயா?"

"இல்லீங்க."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. குனிந்து வாளைப் பார்த்தார். சங்கிலி தளர்ந்து, தகட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் கழன்று வந்து கையைப் பதம் பார்த்திருக்கும். அதை நான் கவனிக்கவில்லை. நானா மெஷினை ஆறவிட்டு, திருகி இறுக்கினார். பிறகு வலப்பக்கம் திரும்பிச் சிரித்தார். அங்கே பனி மட்டும்தான் இருந்தது.

அவருடைய சட்டையைப் பார்த்தேன். வலது தோளில் வட்டமாக ஒரு சேற்று அடையாளம். கம்பு நுனி அளவு.

என் கம்பு சுத்தமாக இருந்தது.

ஐந்து ஐம்பது. மறுபடி வாள் ஓடியது. வாயை வெட்டி முடித்தார். இப்போது எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டு. மரத்தூள் வலப்பக்கமாகப் பறந்தது. அது பறக்கிற திசையில் தற்செயலாகப் பார்த்தேன்.

ஒருவன் நின்றான்.

தலையில் சாக்கு. கையிடுக்கில் கம்பு. ஒரு காலை மடக்கி மறு முழங்காலில் ஊன்றி, கொக்கு மாதிரி நின்றான். அப்படி நிற்கிறவன் எங்கள் தோட்டத்தில் ஒருவன்தான்.

இராமையா!

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டானே பாவி என்றுதான் நினைத்தேன். அங்கே பிழைக்க முடியாமல் தோணி ஏறி வந்துவிட்டான். வந்தவன் நேரே என் வேலைக்கு வந்துவிட்டான். நானாவும் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்தேன். ஆத்திரத்தில்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

தூறிக்கொண்டிருந்தது. அவன் தலைச் சாக்கு நனையவில்லை.

மரத்தூள் அவன் முகத்துக்கு நேரே போனது. அவன் கண்ணை மூடவில்லை.

அவன் நானாவைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இராமையா பேச்சு வரும்போது பெரியாயி கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினால் என் முகத்தில் இருக்கும் பார்வை அது.

மரம் நெறுநெறுத்தது. க்ர்ர்க்...

நானாவின் வலது தோள் துள்ளியது. ஒரு தரம். இன்னொரு தரம். வாளை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்கமாக ஓடினார்.

அவன் நின்ற இடத்தைப் பார்த்தேன்.

காணவில்லை.

டக்.

என் தோளில்... பின்னாலிருந்து...

டக்.

இரண்டு தட்டு. ஓடு என்று அர்த்தம். எனக்குப் பழக்கப்படுத்தியது அதைத்தான். இடப்பக்கம் திரும்பி, வெட்டிவைத்த வழியில் ஓட வேண்டும். கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

தூக்கிய காலை ஊன்றினேன்.

இவன் தட்டி நான் ஓடுவதா? இது என் இடம். என் கம்பு. இவன் யார் எனக்குத் தட்ட?

"போடா!" என்றேன்.

நின்றேன்.

மரம் ஓடைப்பக்கம் சாயவில்லை. உள்ளே உளுத்துப் போயிருந்தது. நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டு திரும்பியது... இடப்பக்கம்... பின்னால்...

காற்று முகத்தில் அறைந்தது.

தடார்!

கண்ணைத் திறந்தேன். சேறு முகமெல்லாம். எனக்கும் மரத்துக்கும் இடையே இரண்டு முழம்.

மரம் என் ஓடுபாதையில் கிடந்தது. தலைமுதல் கால்வரை, அளந்து வைத்த மாதிரி.

வாள் தரையில் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது. கிட... கிட... கிட...

டிக்.

நின்றுவிட்டது. பெட்ரோல் தீரவில்லை. சுவிட்சு கீழே தள்ளப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அப்போது வந்தது பயம்.

நானா பனிக்குள்ளிருந்து வந்தார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"நீ ஓடல்லயா?" என்றார்.

"இராமையா எப்ப வந்தான் நானா?"

அவர் வாளை எடுத்து மடியில் வைத்து, தகட்டில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"அவன் கப்பலேறவே இல்ல தம்பி. தலைமன்னார்ல காய்ச்சல். அங்கயே மவுத்தாப் போனான். போன வருஷம் நோன்பு மாசம்."

"செத்துட்டானா? ஒருத்தருக்கும் சொல்லலியே நீங்க!"

"எதுக்குச் செல்ல? மத்த வாரமே வேலைக்கி வந்துட்டானே."

 ஒன்றைத்தான் கேட்டேன்.

"அப்ப நான் எதுக்கு நானா?"

"கண்ணுக்குத் தெரியிற ஆள் ஒருத்தன் நிக்கோணும் எண்டு தொரைமார் செல்றாங்க."

நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன். அந்தப் பயத்திலும், இந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. பத்து மாதம் நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது சும்மா. என் கம்பை அவர் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. கம்பை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் பெரட்டுக்குப் போனேன். கங்காணி ஏசினார். சுகமாக இருந்தது.

நானாவின் வீட்டில் என் மழைக்கோட்டும் நான் உடுத்துகிற இரண்டு சாரமும் கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதுளைக்குப் போனேன். அவர் மனைவி மர்லியா உம்மா கதவைத் திறந்தார். அதுவரை என்னோடு அதிகம் பேசாதவர். துணியை எடுத்து நீட்டினார். நான் வாங்கினேன். அவர் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க ஓடல்ல எண்டு இவர் செல்றாரே, மெய்யா?"

"ஆமாங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகுதான் சொன்னார். இராமையாவுக்கு அடுத்து வந்தவன் நான் இல்லையாம். நடுவில் ஒருவன் இருந்தானாம். ஸரூக். மர்லியா உம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இராமையா செத்த அடுத்த மாதம் கம்பைப் பிடித்தவன், லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் விழுந்து செத்துப்போனான். வேலைக்குப் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"பயந்த புள்ள இல்ல அவன். செல்லிக் குடுத்த எடத்துல சரியாத்தான் நிண்டானாம். ஒருத்தரும் கூப்பிடல்ல. ஒருத்தரும் கத்தல்ல. என்னத்த நெனச்சானோ... திடீரெண்டு இடப்பக்கம் திரும்பி ஓடினானாம். மரம் அவன் மேலயே வந்து விழுந்திச்சாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அவன் மொதல்ல நிண்ட எடத்துல, ஒரு எல கூட விழல்ல தம்பி."