முன்னறைக்காகச் சுட்ட பேரிக்காய் டார்ட்

கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் மனிதர்கள் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. கணவரின் பட்டறையில் இடம் போதாமல், பம்ப் செட் உதிரி பாகங்கள் அங்கே குடியேறிவிட்டன. அந்த அறை எனக்கு வேண்டும். அங்கே ஓவனை வைத்து, பேரிக்காய் டார்ட் சுட்டு விற்க வேண்டும். பேக்கிங் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, சமையல் மேடையில் ஓவனோடு இடித்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

அறையைக் கேட்டதற்கு அவர், "எங்க சொந்தத்துல ஒருத்தராச்சும் ஆர்டர் குடுக்கட்டும், அன்னைக்கே ரூமைக் காலி பண்ணித் தாரேன்" என்றார். பெரிய மகாராஜா, வரம் கொடுக்கிறார்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூலூரிலிருந்து அவருடைய பெரியம்மா, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு, பேரனின் காதுகுத்துக்கு அழைக்க வந்தார். விடுவேனா? முந்தின நாளே ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுப் பேரிக்காயாகப் பார்த்து வாங்கி, பட்டை போட்ட சர்க்கரைப் பாகில், கரண்டி பட்டாலே வழுக்கிக்கொண்டு போகிற பதத்துக்கு வேகவைத்தேன். வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, பாதாம் விழுதைப் பூசி, மேலே பழத்தை அடுக்கிச் சுட்டேன். வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று.

மூவரும் ஒரு வாய் வைத்தார்கள். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்கள் மகனும் மருமகளும். பெரியம்மா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஒரு கரண்டியும் அசையவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். இவர்களுக்கு ஒரு தடவை பலகாரம் செய்து போட்டுப் பார்க்கட்டும். குறை சொல்லவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள்.

கடைசியில் பெரியம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காத கண்ணு. பழம் அழுகினாட்ட இருக்குது. கடைக்காரன் உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டான்" என்றார்.

அழுகியதாம்! நீலகிரியிலிருந்து இறங்குகிற பேரிக்காயைக் கடித்தால் தாடை வலிக்க வேண்டும். இந்த ஜனங்களுக்கு அதுதான் பேரிக்காய். மெத்தென்று இருந்தால் மாட்டுக்குப் போய்விடும். எனக்கு இது தெரியாதா? நானும் அதைக் கடித்து வளர்ந்தவள்தான். வகுப்பில் கற்றது கண்ணை மறைத்துவிட்டது.

கணவர் எழுந்துபோய், தள்ளுவண்டியில் நாட்டுப் பேரிக்காய் வாங்கி வந்தார். அவரே அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொண்டுவந்து வைத்தார். கூடம் முழுக்கக் கறுக்முறுக் சத்தம். உஸ் உஸ் என்று உறிஞ்சிக்கொண்டே தட்டைக் காலி செய்தார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காதுகுத்துக்கு வர்றவங்களுக்கு இதையே குடுத்தா என்ன? நீயே செஞ்சு குடுத்துரு அம்மணி. சும்மா வேண்டாம், காசு வாங்கிக்கோணும்" என்றார்.

மிளகாய்ப்பொடி தூவிய பேரிக்காய்க்கு ஆர்டர்! ஆத்திரத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆகட்டுங்க அத்தை, நெம்ப சந்தோசமுங்க" என்றுதான் வந்தது. நானும் இந்த ஊர்க்காரிதானே.

அவர்கள் கார் ஏறியதுமே கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு உதிரி பாகங்களை வெளியே தூக்க ஆரம்பித்தார். "ஆர்டர் வந்துபோச்சல்லோ? சொன்ன சொல்லு மாறமாட்டேன்" என்று பெருமை வேறு. கேலி செய்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருப்பேன். மனுஷன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

அறை காலியானதும், யாருக்கும் பரிமாறாத மீதி டார்ட்டை எடுத்துவந்து அங்கே வெறும் தரையில் உட்கார்ந்தேன். ஒரு துண்டு வாயில் போட்டேன். அருமையாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. அழுதுகொண்டே முழுவதையும் நானே தின்று முடித்தேன்.