ரூபெனின் பல் டப்பா

முன்பல் இரண்டையும் கழற்றி, சட்டைக் கையில் துடைத்து, புதினா மிட்டாய் டப்பாவுக்குள் போட்டு மூடுகிறான். மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று காதோரம் வைத்து ஒரு முறை குலுக்கிப் பார்க்கிறான். பிறகு என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஸ்டீரிங்குக்கு வலப்பக்கம், என் காப்பிக் குவளைக்கும் கம்பளிக் கையுறைக்கும் நடுவில் டப்பாவை வைக்கிறான்.

"பாத்துக்கோங்கக்கா" என்கிறான். பாதிச் சொல் காற்றாகத்தான் வருகிறது.

"ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான்டா இருக்கேன். உன் பல்லு எந்திரிச்சு எங்க ஓடப் போகுது?"

சிரிக்கிறான். அந்தப் பொந்துக்குள் ஒரு திராட்சைப் பழத்தை வைக்கலாம். தோளில் மட்டையைச் சாத்திக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவன் போல அரங்கத்துக்குள் போய்விடுகிறான்.

பெயர் ரூபென் மட்டிலா. எங்கள் கல்லூரி ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரன், கடைசி வருடம். நான் வெர்னா, அந்த அணியின் பஸ்ஸை ஓட்டுகிறவள். ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் ஆடுவது. புல்தரையிலும் அதை ஆடுகிற தேசங்கள் உண்டு என்றால் எங்கள் ஊரில் நம்பமாட்டார்கள். ரூபெனின் பற்களை இரண்டாம் வருடம் பக் கொண்டுபோனது. பக் என்பது உள்ளங்கையளவு கெட்டி ரப்பர் வில்லை, அதற்கு ஈவிரக்கம் கிடையாது. கட்டிய பல்லை அவன் மூன்று சாதியாருக்கு மட்டும்தான் மாட்டுவான்: வாத்தியார்கள், பெண்கள், சம்பள ஆட்டக் கிளப்புகளிலிருந்து ஆள் பார்க்க வருகிறவர்கள். மற்ற எல்லோருக்கும் பொந்துதான்.

பஸ்ஸில் அவன் தூங்கமாட்டான். பின்னால் மொத்த அணியும் ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்து, வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் கிடக்கும். இவன் எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வருவான். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பெரிய ஏரி, ரோட்டின் குறுக்கே காற்றில் நெளிந்து ஓடும் பனித்தூள். மணிக்கு ஒரு முறை வாய் திறப்பான்.

"அக்கா, ஏரி இன்னிக்கு மூச்சு விடுது பாத்தீங்களா?"

"எனக்கு ரோடே தெரியல, நீ வேற. சும்மா வாடா."

சும்மா வருவான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எனக்கும் ஏரி மேல் எழும் ஆவி மூச்சு மாதிரிதான் தெரியும். எரிச்சலாக வரும்.

மேற்கே போகும்போது ஐயன்வுட் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் எல்லை வருகிறது. அதைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். வருகிற வழியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாலும், அந்த மணி நேரம் ரூபெனுக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது. "இதுல நடக்கறது எதுவும் கணக்குல வராதுக்கா" என்பான். அந்த நேரத்தில்தான் அவன் அம்மா சுட்டு அனுப்பிய நிசுவைப் பிரிப்பான். ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி. துண்டை விலக்கியதும் பஸ் முழுக்க மணக்கும். முதல் துண்டு எனக்கு, அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டான்.

தூக்கமெல்லாம் மற்ற இடங்களில். ஆட்டத்துக்கு முன் டிரஸ்ஸிங் ரூம் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து உறங்கிவிடுவான். ஒரு தடவை அணி முழுவதும் போய் வரிசையாக நின்று தேசிய கீதமே ஆரம்பித்துவிட்டது; இவனை மட்டும் காணவில்லை. கோச் கத்தாத கத்தலா! எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். "நல்ல கனவு சார்" என்றானாம்.

நாலு வருடத்தில் அவன் போட்ட கோல்களை ஒரு கையில் எண்ணலாம்; அதிலும் விரல் மிச்சமிருக்கும். அவன் வேலை வேறு. எதிராளி மட்டையை ஓங்கும்போது புத்தியுள்ளவன் விலகுவான். இவன் குறுக்கே போய்ப் படுப்பான். கணுக்கால், தொடை, விலா என்று அவன் உடம்பில் ஊதா படியாத இடமில்லை. "பயமா இல்லையாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மெதுவாத்தானேக்கா வருது."

"மெதுவாவா? நான் பஸ் ஓட்டறதைவிட வேகமா வருதுடா!"

"உங்களுக்கு. எனக்கு அது பனி விழற மாதிரி வரும். வரும், வரும், வந்துக்கிட்டே இருக்கும்… அப்புறம் வலிக்கும்."

இப்படிப்பட்டவனுக்கு ஓர் ஆசை உண்டு, அது ஒன்றே ஒன்றுதான். அப்பா மரக்கட்டை லாரி ஓட்டுகிறார். வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி, அது உறைந்ததும் சறுக்கப் பழகிய ஐந்து வயதிலிருந்து அவன் நினைப்பு சம்பளத்துக்கு ஆட வேண்டும் என்பதே. கோடிகளில் புரள வேண்டும் என்றில்லை. "ஆடறதுக்குக் காசு குடுப்பாங்கக்கா. ஆடறதுக்கு! நெனச்சுப் பாருங்களேன்" என்று அவன் சொல்லும்போது, காசு அங்கே ஒரு பொருட்டே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்த வழி எல்லோருக்கும் ஒன்று போல இல்லை. எங்கள் அணியில் கார்ட்டர் வாஸ் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, கோட்டு போட்டால் மாப்பிள்ளை மாதிரி இருப்பான். பதினெட்டிலேயே ஒரு பெரிய கிளப், இவன் எங்களுக்கு என்று அவன் பெயரைச் சொல்லிவிட்டது. நிச்சயதார்த்தம் முடிந்த பெண் மாதிரி, அவனுக்குக் கல்லூரி என்பது முகூர்த்த நாள் வரைக்கும் பிறந்த வீட்டில் இருப்பது. ரூபெனின் பெயரை யாரும் சொல்லவில்லை. இருபத்துநாலு வயதாகிவிட்டது. எங்கோ ஒரு கிளப்பில் எவனுக்காவது எலும்பு முறிந்தால்தான் இவனுக்குக் கதவு திறக்கும். இன்னாருக்கு அடி என்று செய்தி வந்தால் போதும், "ஐயோ, பாவம்" என்பான். மனசார வருந்துவான். நான் ஒரு மைல் ஓட்டுவேன். பிறகு பின்னாலிருந்து மெல்லிய குரல் வரும்: "இடது பக்கம் ஆடறவனாமாக்கா?" ரூபென் இடது பக்கம்.

இந்த மார்ச்சில் அந்தச் செய்தி வந்தது.

எங்கள் பிரிவில் எட்டு கல்லூரிகள், நாங்கள் ஏழாவது. இரண்டாம் இடத்துக்காரர்களின் ஊருக்கு, மினசோட்டாப் பக்கம் போக வேண்டும். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர் மேலே போவார். தோற்றவருக்கு வருடம் அத்தோடு முடிந்தது. எங்களை யாரும் ஒரு பொருட்டாகக் கூட எண்ணவில்லை. ஐயன்வுட்டில் பையன்கள் காப்பிக்கு இறங்கினார்கள். ரூபென் இறங்கவில்லை. நிசுவையும் பிரிக்கவில்லை.

"அக்கா, ஒருத்தர் போன் பண்ணாரு. ப்ரீஸ்னு பேரு."

ப்ரீஸ் என்பவர் உச்சிக்கு ஒரு படி கீழே ஆடுகிற கிளப்புக்கு ஆள் எடுக்கிறவர். அந்தப் போனைப் பேசவே பல்லை மாட்டிக்கொண்டானாம், பாவிப் பயல்.

"ரெண்டு பேருக்கு அடியாம். இடது பக்கம். திங்கக்கிழமை காலைல பயிற்சிக்கு ஆள் வேணுமாம்."

"அடி சக்கை! போடா, போ! இன்னும் என்ன யோசனை?"

"இங்க நம்ம ஆட்டமெல்லாம் முடிஞ்சாத்தானே கையெழுத்துப் போட முடியும். அங்க கையெழுத்துப் போட்டா நம்ம சட்டையை மறுபடி மாட்ட முடியாது."

"ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிடும்டா. நம்மள யாரு ஜெயிக்க விடப் போறா?"

"ஜெயிச்சுட்டா?" என்றான். கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். "இன்னொருத்தன் இருக்கானாம். அவங்க காலேஜ் போன வாரமே தோத்துப் போச்சு. வீட்ல சும்மா உக்காந்திருக்கானாம்."

"தோத்தவனுக்கு அடிக்கற யோகத்தப் பாரேன்!"

"பசங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா ஆட்டத்தைப் பாக்க மாட்டாங்க, என்னையே பாத்துட்டு இருப்பாங்க."

வெள்ளிக்கிழமை தோற்றோம். சனிக்கிழமை, கூடுதல் நேரத்தில், கார்ட்டர் எங்கிருந்தோ ஒரு கோலைப் போட்டுத் தொலைத்தான். பஸ்ஸில் ஒரே கூச்சல். அரங்கத்து வாசலில் ப்ரீஸ் நேரிலேயே வந்து நின்றிருந்தார்; நீளக் கோட்டு, கையில் சோளப்பொரிப் பொட்டலம். ரூபென் என்னிடம் டப்பாவை வாங்கி, பல்லை மாட்டி, தலையைக் கோதிவிட்டுக்கொண்டு போனான். நான் பஸ்ஸின் பனியைச் சுரண்டுகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"நல்லா ஆடறே தம்பி. நாளைக்கு முடிஞ்ச கையோட என் கார்ல ஏறிடு. பெட்டியெல்லாம் கட்டி வச்சுக்கோ."

"நாளைக்கு நாங்க ஜெயிச்சுட்டா சார்?"

ப்ரீஸ் சிரித்தார். "ஜெயிச்சா சந்தோஷமா ஆடுப்பா. நான் அந்தப் பையனுக்குப் போன் போட்டுடுவேன். எனக்காகத் திங்கக்கிழமை நிக்குமா?"

கெட்ட மனிதர் இல்லை. இரண்டு பொரியை ரூபெனின் கையில் கொட்டிவிட்டுத்தான் போனார்.

ஞாயிறு மத்தியானம். வழக்கம்போல டப்பா என்னிடம் வந்தது. வழக்கமாக நான் பஸ்ஸிலேயே இருந்துவிடுவேன். அன்று முடியவில்லை. டப்பாவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய், எங்கள் ஊர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்தேன். எங்கள் அணியின் நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, எங்கள் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என்ன செய்ய? மற்ற பையன்களுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. இவனுக்கு இந்த ஒரு திங்கட்கிழமைதான் இருக்கிறது.

பாழாய்ப் போன கார்ட்டர் மறுபடியும் கோல் போட்டான். இரண்டுக்கு ஒன்று, நாங்கள் மேலே. கடைசி நிமிடத்தில் அவர்கள் தங்கள் கோல் காக்கிறவனையும் வெளியே இழுத்து, இன்னொரு ஆட்டக்காரனை இறக்கினார்கள். எங்கள் கோலுக்கு முன்னால் ஒரே கும்பல். பக் அந்த ஊர் நெட்டையனிடம் போனது. அவன் மட்டையை வானத்துக்கு ஓங்கினான். எதிரே ரூபென்.

அரை அடி பிந்தினால் போதும். கோல் விழும், ஆட்டம் சமமாகும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கிறவன்தானே, அசந்துவிட்டான் என்பார்கள். தான் வேண்டுமென்று பிந்தினோமா என்று அவனுக்கேகூடத் தெரியாமல் போகும்.

"விலகுடா" என்றேன், வாய்விட்டு. பக்கத்திலிருந்த அம்மாள் என்னைத் திரும்பி முறைத்தாள்.

அவன் விலகவில்லை. அவசரப்படவும் இல்லை. வேலை முடித்துப் பாயில் சாய்கிறவன் போல ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தான். அவன் சொல்வானே, அந்தப் பனி விழுகிற வேகத்தில்தான் எனக்கும் எல்லாம் நடந்தது. அந்த பக் வந்து, வந்து, வந்துகொண்டே இருந்தது. விலாவில் பட்ட சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. பக் துள்ளி வெளியே ஓடியது. ஆட்டம் முடிந்த ஊதல் ஒலித்தது. பையன்கள் எல்லோரும் அவன் மேல் விழுந்தார்கள். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். "நாசமாப் போறவனே, நாசமாப் போறவனே" என்று திட்டிக்கொண்டே அழுதேன்.

வெளியே பெரிய பெரிய இதழாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. காற்றில்லை. பஸ்ஸுக்குள் பையன்கள் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். அந்தப் பக்கம் ப்ரீஸ் தன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ரூபென் கடைசி ஆளாக வந்தான், விலாவில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. நான் படியிலிருந்து இறங்கி டப்பாவை அவன் முன்னால் நீட்டினேன்.

"இந்தாடா. மாட்டிக்கிட்டுப் போய் ஒரு வார்த்தை பேசு. அந்த ஆளு இன்னும் கிளம்பல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடப் போகுதுடா."

டப்பாவை வாங்கினான். காதோரம் வைத்துக் குலுக்கினான். ப்ரீஸ் பக்கம் பார்த்தான். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு கையைத் தூக்கி, என்ன செய்வது என்பது போல விரித்துக் காட்டினார். ரூபென் அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். பொந்து முழுசும் தெரிய, அந்த மனிதர் முதல் முறையாகப் பார்க்க.

பஸ்ஸில் ஏறினான். நான் என் இடத்தில் உட்கார்ந்ததும், என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, காப்பிக் குவளைக்கும் கையுறைக்கும் நடுவில் டப்பாவை வைத்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துக்கோங்கக்கா" என்றான்.

நான் பஸ்ஸைக் கிளப்பினேன். டப்பா மேல் வைத்த கையை மட்டும் அவன் ரொம்ப நேரம் எடுக்கவில்லை.