நெஞ்சின் மேல் வைத்த நாவல்

பாறசாலையின் பழைய மிஷன் சபையில் புத்தக அலமாரி காலியாக இருக்கிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஓர் அமெரிக்கப் பெண் எழுதிய ஒரே நாவலின் கடைசிப் பிரதியைத் தேடி வந்திருக்கிறேன். பெண் பெயர் வேண்டாமென்று பதிப்பாளர் தலைப்பைக்கூடப் போடாமல் அட்டையை வெறுமையாக விட்டிருந்தார்.

"கறுப்புத் தோல் அட்டை, பொன் விளிம்பு. மேலே ஒண்ணுமே எழுதியிருக்காது," என்கிறேன்.

சபைக் காவலாளி படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

"இங்கிலீஷ் வேதபுஸ்தகமாக்கும்னு நெனச்சேன் சாரே. வேதம் வைக்காம சவப்பெட்டி மூடுத பழக்கம் எங்களுக்கு இல்ல. அம்மைக்க வேதம் கிழிஞ்சு கிடந்தது. போன மாசம் அம்மை செத்தப்போ அலமாரியில கிடந்த அதைத்தான் அவ நெஞ்சுமேல வச்சு அடக்கினேன்."

ஜன்னல் வழியே கல்லறைத் தோட்டம் தெரிகிறது. ஒரு கல்லறையில் மட்டும் சிமெண்ட் புதிதாக இருக்கிறது. என் பத்து வருடத் தேடல் அங்கே முடிகிறது.

அவர் என் கையைப் பிடிக்கிறார்.

"அப்போ எங்கம்ம வேதம் இல்லாமலா போனா, சாரே?"